எலும்பு வளர்க்கும் ஊசியும் சிங்கி இறாலும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருக்கிறவர்கள் சேமித்து வைத்துவிட்டு, இரவு தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் பழைய மாணவன் ஒருவனின் தாய் பாடசாலை வாசலில் காத்துக்கொண்டு நின்றார். வள்ளத்துக்கும் இறங்குதுறைக் கட்டுக்கும் இடையில் கால் அகப்பட்டு, அவருடைய கணவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ஒரு வருசம் தாண்டிவிட்டது. இரண்டு தரம் ஒப்பரேசன் செய்தும் பொருந்தவில்லை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் வட்ஸ்அப்பில் வீடியோ ஒன்று அனுப்பியிருக்கிறார். எலும்பை வளர்க்கிற ஊசியாம். பல இலட்சமாம். "சேர், இது உண்மையோ? உண்மையெண்டா வள்ளத்தையும் எஞ்சினையும் வித்துப் போடலாம் எண்டு யோசிக்கிறம்" என்றார்.

வைத்தியம் சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. கிளினிக்கில் டொக்டரிடம் கேட்காமல் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னோம். ஆனால் அப்படி ஒரு பொருள் உண்டா என்ற கேள்வி எங்களை விடவில்லை. உண்டு. அது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது, ஏன் வீடியோவில் சொல்வது போல அது வேலை செய்வதில்லை என்பது ஒரு பெரிய கதை. அந்த அக்காவுக்குச் சொன்னதையே, அவருடைய சம்மதத்தோடு, இங்கே எல்லாருக்கும் எழுதுகிறோம்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குவோம். கோழிக்கால் எலும்பை வினாகிரியில் நாலைந்து நாள் ஊறப் போடுங்கள். எடுத்துப் பார்த்தால் இறப்பர் போல வளையும். கல்சியம் கரைந்து போய்விட்டது. மிஞ்சியிருப்பது புரதம். எங்கள் பிள்ளைகள் இதைச் செய்யும்போது சிரிப்பார்கள், எலும்பில் முடிச்சுப் போடப் பார்ப்பார்கள். இப்படிச் சுண்ணாம்பு நீக்கிய மாட்டெலும்பைத்தான் 1889இல் அமெரிக்காவில் நிக்கலஸ் சென் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சீழ் பிடித்துக் குழி விழுந்த எலும்புகளுக்குள் நிரப்பப் பயன்படுத்தினார். கிருமிநாசினியை உள்ளே பிடித்து வைக்க ஒரு பொருள் வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் குழிக்குள் புது எலும்பு வளர்ந்தது. ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

ஏன் என்று விடாமல் கேட்டவர் மார்ஷல் யூரிஸ்ட். கலிபோர்னியாவில் எலும்பு வைத்தியர். அவர் எலும்பை ஐதரோக்குளோரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கல்சியத்தை எடுத்துவிட்டு, மிஞ்சியதை முயல், எலி போன்ற பிராணிகளின் தசைக்குள் வைத்தார். எலும்புக்குப் பக்கத்தில் அல்ல, தசைக்குள். அங்கே எலும்பு வளரக் காரணமே இல்லை. ஆனால் வளர்ந்தது. 1965இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார். செத்த எலும்புக்குள் ஏதோ ஒரு செய்தி இருக்கிறது, அது உயிருள்ள கலங்களிடம் போய் எலும்பாகச் சொல்கிறது என்பது அவர் முடிவு. 1971இல் அந்தச் செய்திக்குப் பெயரும் வைத்தார்: எலும்பு உருவாக்கும் புரதம். ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் பி.எம்.பி. பெயர் வைத்தாரே தவிர, பொருளைக் கையில் பிடிக்கவில்லை. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்த கதைதான். அந்தப் பெயர் பிறகு எவ்வளவு பிழையான பெயராகப் போனது என்பதையும் பார்ப்போம்.

இனி எங்கள் பக்கத்து ஆட்கள் வருகிறார்கள். ஹரி ரெட்டி இந்தியாவில் பிறந்தவர், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் முடித்தவர். பிறகு சிக்காகோவில் சார்ல்ஸ் ஹகின்ஸிடம் போய்ச் சேர்ந்தார். ஹகின்ஸ் சாதாரண ஆள் இல்லை. புரஸ்டேட் புற்றுநோய்க்கு ஹோர்மோன் வழிச் சிகிச்சை கண்டதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றவர். இருவரும் 1972இல் ஒரு நாட்குறிப்பை வெளியிட்டார்கள். அப்படித்தான் அதைச் சொல்ல வேண்டும். கல்சியம் நீக்கிய எலும்புத் தூளை எலியின் தோலுக்குக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். 3ஆம் நாள் சுற்றியுள்ள கலங்கள் வந்து கூடிப் பெருகுகின்றன. 5ஆம் நாள் அவை கசியிழையமாக மாறத் தொடங்குகின்றன. 7ஆம் நாள் கசியிழையம் நன்றாகத் தெரிகிறது. 9ஆம் நாள் இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன. 10 முதல் 12ஆம் நாள் வரையில் எலும்பு. 21ஆம் நாள் அந்தக் குட்டி எலும்புக்குள் இரத்தம் ஊறும் மச்சையும் வந்துவிடுகிறது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், கருவில் ஒரு பிள்ளையின் கை கால் எலும்பு உருவாகும் ஒழுங்கும் இதுதான். முதலில் கசியிழையம், பிறகு குருதிக் குழாய், பிறகு எலும்பு, பிறகு மச்சை. முறிந்த எலும்பு பொருந்துவதும் பெரும்பாலும் இதே வரிசைதான். வளர்ந்த உடம்பு தான் கருவாக இருந்தபோது படித்த பாடத்தை மறக்காமல் வைத்திருக்கிறது, தேவைப்படும்போது திரும்பப் படிக்கிறது. ஆட்டி அசைக்காமல் கட்டிப் போட்டுப் பொறுத்திரு என்று எங்கள் முறிவு நெரிவு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்வதற்கும் இந்த நாட்கணக்குத்தான் காரணம். 9ஆம் நாள் உள்ளே வரும் குருதிக் குழாய் ஒரு நூலைவிட மெல்லியது. அதற்குள் காலை ஊன்றினால் அது அறுந்துபோகும்.

இங்கே ஒரு விசயம், மனதில் பட்டதைச் சொல்கிறோம். முஃமினூன் அத்தியாயத்தில் கருவின் படிகள் சொல்லப்படுவதை நாங்கள் சிறு வயதிலிருந்தே ஓதி வளர்ந்தவர்கள். ஓதும்போது இன்றும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் ரெட்டியும் ஹகின்ஸும் எலியில் கண்ட நாட்கணக்கை அந்த வசனங்களோடு ஒட்டி, "பார்த்தீர்களா, நிரூபித்துவிட்டார்கள்" என்று படம் போட்டு அனுப்புவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. விஞ்ஞானம் நாளைக்குத் தன் கணக்கைத் திருத்தும், திருத்துவதுதான் அதன் தொழில். அப்போது எதைத் திருத்துவீர்கள்? அல்லாஹ்வின் வேதத்துக்கு எலியின் சாட்சி தேவையில்லை. கோபிக்காதீர்கள், மேலே போவோம்.

செய்தி இருப்பது தெரியும். அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. எலும்பில் அது அவ்வளவு குறைவு, கிலோக்கணக்கான எலும்பில் சில மைக்ரோகிராம் தான். அதோடு, எலும்பின் புரத வலைக்குள் அது இறுகப் பிணைந்திருந்தது. 1981இல் குபேர் சம்பத் என்பவரும் ரெட்டியும் வழி கண்டார்கள். குவானிடின் என்ற இரசாயனத்தால் எலும்புத் தூளைக் கழுவினார்கள். கரைந்து வந்தது ஒரு பங்கு, கரையாமல் நின்ற சக்கை ஒரு பங்கு. சக்கையை மட்டும் எலிக்குள் வைத்தால் எலும்பு வரவில்லை. கரைசலில் இருந்ததை மட்டும் வைத்தாலும் வரவில்லை. இரண்டையும் திரும்பச் சேர்த்து வைத்தார்கள். எலும்பு வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் அந்த அக்காவின் கேள்விக்கான பாதிப் பதில் இங்கேதான் இருக்கிறது. செய்தி மட்டும் போதாது. அதை ஓரிடத்தில் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட ஒரு தளம் வேண்டும். ஊசியில் ஏற்றி உடம்புக்குள் விட்டால் அது இரத்தத்தோடு போய்விடும். அதனால்தான் பின்னாளில் மருந்தாக வந்தபோதும் அது கொலாஜன் பஞ்சில் ஊறவைத்து முறிந்த இடத்திலேயே வைக்கப்படும் பொருளாக வந்தது. வீடியோவில் காட்டிய ஊசி எது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

1983இல் சம்பத்தும் ரெட்டியும் மனிதன், குரங்கு, மாடு, எலி ஆகிய நாலின் எலும்பிலிருந்தும் எடுத்த சாற்றை எலியின் சக்கையோடு சேர்த்துப் பார்த்தார்கள். நாலும் வேலை செய்தன. செய்தி எல்லாருக்கும் பொது. 1988இல் ஜோன் வோஸ்னியின் குழு மாட்டெலும்பிலிருந்து சுத்திகரித்த புரதத்தைப் பிடித்துக்கொண்டு மனிதனில் அதன் பரம்பரை அலகுகளைக் கண்டுபிடித்து 1, 2, 3 என்று எண் போட்டது. முதலாவது என்று எண் வாங்கியது கடைசியில் அந்தக் குடும்பத்து ஆளே இல்லை, கொலாஜனை வெட்டிச் சீராக்கும் ஒரு நொதியம் என்று பிறகு தெரிந்தது. எண் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பரம்பரை அலகு கையில் கிடைத்ததும் அதற்குச் சொந்தக்காரர்கள் யார் என்று பார்த்தார்கள். கிட்டிய சொந்தம் ஒன்று எங்கே இருந்தது தெரியுமா? வாழைப்பழத்தில் மொய்க்குமே பழ ஈ, அதில். ஈயில் அதற்கு டெகாபென்டாபிளீஜிக் என்று பெயர். 15 என்பதற்கான கிரேக்கச் சொல்லை வைத்துச் செய்த பெயர், அது கெட்டால் ஈயின் 15 உறுப்பு மொட்டுகள் பழுதாவதால். அந்த ஈயின் புரதத்தைச் செய்து எலிக்குள் வைத்துப் பார்த்ததை 1993இல் சம்பத்தின் குழு வெளியிட்டது. எலிக்குள் எலும்பு வளர்ந்தது. ஈக்கு எலும்பே கிடையாது! எலும்பே இல்லாத ஒரு பிராணியிடம் எலும்பு உருவாக்கும் புரதத்துக்கு என்ன வேலை?

அப்போதுதான் கேள்வி திரும்பியது. இது என்ன பொருள் என்று கேட்பதை விட்டு, கரு வளரும்போது இது எங்கே, எப்போது தோன்றுகிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்கு ஒரு நல்ல வழி இருந்தது. சுண்டெலிக் கருவை ஒரு நாள் கணக்கு, இரண்டு நாள் கணக்கு என்று வெவ்வேறு வயதில் எடுத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, அந்தப் பரம்பரை அலகின் செய்திநகலோடு மட்டும் ஒட்டக்கூடிய, கதிர்வீச்சு அடையாளம் இட்ட ஒரு துண்டை அதன் மேல் விடுவார்கள். எங்கே அலகு வேலை செய்கிறதோ அங்கே படலத்தில் புள்ளி விழும். பிரிஜிட் ஹோகனின் ஆய்வுகூடத்தில் காரன் லயன்ஸும் மற்றவர்களும் 1990இல் வெளியிட்ட படங்களில் புள்ளிகள் விழுந்த இடங்களைக் கேளுங்கள்: கை கால் மொட்டு, இதயம், பல் மொட்டு, மீசை மயிரின் வேர், முகத்தின் இழையம். எலும்பு அந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவுதான்.

பிறகு அந்த அலகுகளை ஒவ்வொன்றாக நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். 1995இல் ஏழாம் எண் இல்லாத குட்டிகள் சிறுநீரகமும் கண்ணும் சரியாக உருவாகாமல் பிறந்து செத்தன. நாலாம் எண் இல்லாதவை, இரண்டாம் எண் இல்லாதவை இன்னும் முன்னமே, ஓர் எலும்பும் வர முதலே, கருவிலேயே போயின. 2005இல் ஹரி ரெட்டியே எழுதினார், இதை எலும்பு உருவாக்கும் புரதம் என்பதைவிட உடல் உருவாக்கும் புரதம் என்று சொல்வதுதான் பொருத்தம் என்று. பிழையை அந்தத் துறையின் பெரிய மனிதரே ஒப்புக்கொண்டது எங்களுக்குப் பிடித்திருந்தது.

கோழிக்காலையும் தாராக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோழியின் விரல்கள் பிரிந்திருக்கும், தாராவுக்கு இடையில் சவ்வு. முட்டைக்குள் இருக்கும்போது கோழிக்கும் அந்தச் சவ்வு இருந்தது. எங்களுக்கும் தாயின் வயிற்றில் இருந்தது. விரல்களுக்கு இடையில் இதே புரதங்கள் தோன்றி அங்குள்ள கலங்களைச் சாகச் சொல்கின்றன. விரலின் நடுவில் எலும்புக்கு முன்னோடியான கசியிழையம் வளரத் துணை நிற்கும் அதே குடும்பம், ஒரு மயிரிழை தள்ளி நின்று சாகச் சொல்கிறது. 1996இல் ஹொங்யான் சோவும் லீ நிஸ்வாண்டரும் கோழிக் கருவின் காலில் இந்தச் செய்தி கேட்காதபடி காதைப் பொத்தினார்கள். கோழிக்குத் தாராக்கால் வந்தது. அதோடு காலில் செதிள் வரவேண்டிய இடத்தில் இறகு முளைக்கப் பார்த்தது. அப்படியானால் தாராவில் அந்தப் புரதம் இல்லையா? இருக்கிறது. ஆனால் அதன் பக்கத்திலேயே கிரெம்லின் என்ற தடுப்புப் புரதமும் தாராவின் விரலிடையில் தோன்றுகிறது. இது 1999இல் வெளிவந்தது. வௌவாலின் சிறகுச் சவ்வும் இதே மாதிரிக் கதைதான்.

இப்போது சந்தைக்கு வாருங்கள். குருநகர் ஆட்களுக்கு மீன் வெட்டச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் இதை யோசித்திருக்கிறீர்களா? இறாலின் முதுகைக் கீறி எடுக்கிற கறுப்பு நூல் அதன் குடல். அதன் நரம்புத் தண்டு வயிற்றுப் பக்கம் ஓடுகிறது. விளைமீனை எடுத்தால் நேர்மாறு. முள்ளுக்குள் நரம்பு முதுகுப் பக்கம், குடல் வயிற்றுப் பக்கம். 1822இல் ஜொஃப்ருவா செந்-இலேர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு சிங்கி இறாலை மல்லாக்கப் போட்டுப் பார்த்துவிட்டு, அட, மல்லாந்த இறால்தானே நாங்கள் என்றார். அவரோடு படித்தவர்களே அதை ஏற்கவில்லை. 170 வருசத்துக்குப் பிறகு அவருக்கு நியாயம் கிடைத்தது, அதுவும் இந்தப் புரதத்தால்.

1924இல் ஜேர்மனியில் ஹன்ஸ் ஸ்பேமனும் அவருடைய மாணவி ஹில்டா மங்கோல்டும் ஒரு நீர்ப்பல்லிக் கருவின் சின்னத் துண்டை இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினார்கள். ஒட்டின இடத்தில் இரண்டாவது முதுகும் நரம்பும் உருவானது. அந்தக் கட்டுரை வெளிவந்த அதே வருசம் ஹில்டா வீட்டில் நடந்த நெருப்பு விபத்தில் 25 வயதில் இறந்துபோனார். ஸ்பேமன் 1935இல் நோபல் பரிசு வாங்கினார். அந்தத் துண்டு என்ன கட்டளை கொடுக்கிறது என்று எழுபது வருசம் தேடினார்கள். 1992இல் நொகின், 1994இல் கோர்டின் என்ற புரதங்கள் கிடைத்தபோதுதான் விளங்கியது, அது கட்டளை அல்ல, தடை. கருவின் வயிற்றுப் பக்கம் பி.எம்.பி நிறைந்திருக்கிறது. முதுகுப் பக்கம் கோர்டின் அதைக் கட்டிப் பிடிக்கிறது. செய்தி எட்டாத இடத்தில் நரம்பு உருவாகிறது. ஈயில் அதே இரண்டு ஆட்கள், இடம் மட்டும் மாறி: ஈயின் பி.எம்.பி முதுகில், தடுப்பு வயிற்றில். ஆகவே நரம்பு வயிற்றில். இறால் ஈயின் சொந்தக்காரன். செந்-இலேர் மல்லாக்கப் போட்ட சிங்கி சரியாகத்தான் கிடந்திருக்கிறது.

மருந்துக் கதைக்கு வருவோம். 2001இல் அமெரிக்காவில் ஏழாம் எண்ணை, வேறு வழி எல்லாம் தோற்ற, பொருந்தாத கை கால் எலும்புகளுக்கு மட்டும் வைக்க அனுமதித்தார்கள். 2002இல் இரண்டாம் எண் முதுகெலும்புச் சிகிச்சைக்கு வந்தது, 2004இல் தோல் கிழிந்து முறிந்த கீழ்க்கால் எலும்புக்கும். எலும்பில் மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும் பொருளை மில்லிகிராம் கணக்கில், ஆயிரம் மடங்குக்கு மேல், ஊறவைத்து வைத்தார்கள். அனுமதி இல்லாத இடங்களிலும் வைத்தார்கள். கழுத்தில் வைத்த சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்தது. 2008இல் அமெரிக்க அரசின் மருந்துத் திணைக்களம் எச்சரிக்கை விட்டது. 2011இல் முதுகெலும்பு வைத்தியர்களின் சஞ்சிகை ஒன்றே, கம்பனிப் பணத்தில் நடந்த 13 ஆய்வுகளும் பக்க விளைவுகளைக் குறைத்துக் காட்டியதாக எழுதியது. 2013இல் இரண்டு சுயாதீனக் குழுக்கள் எல்லாத் தரவையும் திரும்பப் பார்த்து, முதுகெலும்பில் இது நோயாளியின் சொந்த இடுப்பெலும்பை எடுத்து வைப்பதைவிடச் சொல்லும்படியாக மேலானது இல்லை என்றன.

தடுக்க ஆளில்லாமல் இந்தச் செய்தி ஓடினால் என்னவாகும் என்பதற்கு உடம்பிலேயே ஒரு சாட்சி உண்டு. பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கு வரும் ஒரு பிறவி நோயில், அடிபட்ட தசை எலும்பாக மாறுகிறது. ஊசி போட்ட இடத்திலும் எலும்பு. வருசக்கணக்கில் உடம்பு பூட்டிக்கொண்டு வரும். 2006இல் காரணம் கண்டார்கள். இந்தப் புரதத்தைக் கேட்கும் காதில் ஓர் எழுத்துப் பிழை, அதனால் காது எப்போதும் திறந்தே இருக்கிறது. பிறக்கும்போதே அந்தப் பிள்ளைகளின் கால் பெருவிரல் வளைந்திருக்கும்.

இவ்வளவையும் அந்த அக்காவுக்கு ஒரே நாளில் சொல்லவில்லை. மூன்று பின்னேரம் எடுத்தது. இறால் கதையில் அவர் எங்களைத் திருத்தினார், சிங்கியில் அந்தக் குடலை உடைக்காமல் எப்படி இழுத்தெடுப்பது என்று செய்தே காட்டினார். டொக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தோம்: கிருமி இருக்கிறதா, தகடு ஆடுகிறதா, புகைப்பதை நிற்பாட்டினால் பொருந்துமா, இடுப்பெலும்பு எடுத்து வைக்கலாமா.

கிளினிக்கில் டொக்டர் அந்தத் தாளை வாங்கி வாசித்துவிட்டுச் சிரித்தாராம். கடைசிக் கேள்வியைத்தான் அவரும் யோசித்திருந்தார். இடுப்பெலும்பில் செய்தி, தளம், உயிருள்ள கலம் மூன்றும் தேவையான அளவில் ஏற்கனவே இருக்கின்றன. விலை இல்லை. போன புதன்கிழமை எடுத்து வைத்தார்கள். அண்ணர் சிகரெட்டை விட்டு இன்றைக்கு 19 நாள், பீடியைப் பற்றி அக்கா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு கிழமை கழித்துப் படம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். வள்ளம் துறையில்தான் கட்டியிருக்கிறது. துஆ செய்யுங்கள், செபிக்கிறவர்கள் செபியுங்கள்.